சிங்கித் தொட்டித் தண்ணீரை வள்ளத்துக்கு வெளியே அனுப்பிய வேலை

எங்கள் வள்ளத்தில் சிங்கி இறாலை உயிரோடு கரைக்குக் கொண்டுவர வைத்திருக்கும் தொட்டி இப்போது மூடி வழியாக வழிவதில்லை. வலை எடுக்கத் தொடங்கியதிலிருந்து கரை சேரும்வரை தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடுகிறது, உள்ளே வருகிற தண்ணீர் அத்தனையும் பக்கக் குழாய் வழியாகக் கடலுக்கே திரும்புகிறது, தரைப்பலகையைத் தூக்கினால் இறைக்க ஒன்றும் இல்லை. இந்த நிலைக்கு வர நாங்கள் சுற்றிய சுற்று கொஞ்சம் பெரியது. இதே மாதிரி தொட்டி வைக்க நினைக்கும் யாருக்காவது உதவும் என்று வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் வள்ளம். தூத்துக்குடிக்குத் தெற்கே சிங்கி வலை போடும் 28 அடி பைபர் வள்ளம், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். சித்தப்பாவுடையது, ஓட்டுவதும் அவர்தான். நான் சில வருஷம் பைபர் பட்டறையில் வேலை பார்த்தவன். அதனால் ஓட்டை போடுவதும் ஓட்டை அடைப்பதும் என் தலையில் விழும். சிங்கி இறால் உயிரோடு கரை வந்தால் ஒரு விலை, செத்து வந்தால் அதில் பாதிகூடத் தேறாது. ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் போட்டால் ஓரளவு தாங்கும். ஆனால் வலை தூரத்தில் கிடக்கும் நாளில், வெயில் ஏறிய பிறகு கரைக்கு வந்தால், சாக்குக்குள் பாதி சிங்கி வாலைக்கூட அசைக்காது. அதற்காகத்தான் நடுவில் இருந்த மீன் அறையைத் தொட்டியாக மாற்றினோம்.

தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 45 ஆழம். தண்ணீரை 36 சென்டிமீட்டர் மட்டத்தில் நிறுத்துவதாகத் திட்டம். அப்படி நின்றால் 200 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது ஏறக்குறைய 200 கிலோ. வள்ளத்தின் நடுவில் மூன்று ஆளை உட்கார வைத்த கனம். இந்தக் கனத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இதுதான் ஒரு முடிச்சை அவிழ்த்தது.

பின்பலகையின் அடியில் ஒரு ஓட்டை, அதில் வெளிப்பக்கம் சல்லடை மூடி, உள்ளே திருகித் திறந்து மூடும் ஒரு பால் வால்வு (ball valve), அதற்கு மேல் 12 வோல்ட் மோட்டார். மணிக்கு 1100 கேலன் என்று எழுதியிருக்கும் சாதாரண மோட்டார்தான். அங்கிருந்து 1 1/8 இன்ச் ஹோஸ் தொட்டியின் மேல்விளிம்புக்குப் போகும். தொட்டியின் பின்சுவரில், மிஞ்சும் தண்ணீர் வெளியேற ஒரு இன்ச் ஓவர்ஃப்ளோ ஓட்டை; அதிலிருந்து ஒரு இன்ச் ஹோஸ் தரைப்பலகைக்கு அடியில் ஓடி, பின்மூலையில் வெளியே போகும்.

கரையில் பைப் தண்ணீரை விட்டுப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடலில் போனதும் மூடி ஓரமாகத் தண்ணீர் பொங்கியது. அது போக, தரைக்கு அடியிலும் தண்ணீர் ஏறியது. வலை இழுக்கிற நேரத்தில் ஒரு ஆள் வாளியோடு நின்றால் வேலை ஓடாது. "சிங்கியைக் காப்பாத்தப் போயி வள்ளத்தை மூழ்கடிச்சிராதடே" என்றார் சித்தப்பா.

வழிவது வேறு, ஒழுகுவது வேறு என்று முதலில் பிரிக்க வேண்டியிருந்தது. அடியில் நிற்கும் தண்ணீர் தொட்டியிலிருந்து வருகிறதா, வள்ளத்தில் எங்காவது கீறலா என்பதை ருசித்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டும் கடல் தண்ணீர்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. வள்ளம் மணலில் கிடந்தபோது அடியைத் துடைத்துக் காயவிட்டு, தொட்டியை நல்ல தண்ணீரால் நிரப்பி, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றினேன். தொட்டித் தண்ணீர் ஓவர்ஃப்ளோ மட்டத்துக்குக் கீழே இருந்தவரை அடி காய்ந்தே இருந்தது. இன்னும் ஒரு வாளி ஊற்றி ஓவர்ஃப்ளோவில் தண்ணீர் போகத் தொடங்கியதும், பலகைக்கு அடியில் நீலக் கோடு இறங்கியது. ஆக, தொட்டியில் கீறல் இல்லை, வள்ளத்திலும் இல்லை. ஓவர்ஃப்ளோ ஹோஸ் தொட்டியோடு சேரும் இடத்தில்தான் ஒழுகல்.

கையை விட்டுத் தடவிப் பார்த்தால் கிளிப் இருக்கிறது, இறுக்கம் இல்லை. வெளியே எடுத்துப் பார்த்தேன். பட்டை பளபளவென்று இருந்தது. திருகு மட்டும் துருப்பிடித்து, தலை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கடையில் ஸ்டீல் கிளிப் என்று கேட்டால் தருவதில் பாதி இப்படித்தான்: பட்டை ஸ்டெயின்லெஸ், திருகு வெறும் இரும்புக்குப் பூச்சு. இப்போது கிளிப் வாங்கப் போனால் ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். திருகில் காந்தம் டக்கென்று ஒட்டினால் கடலுக்கு ஆகாது. 316 ஸ்டெயின்லெஸ் கிளிப் ஒன்று 90 ரூபாய். சாதாரணக் கிளிப்பைப் போல மூன்று நாலு மடங்கு. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் இணைப்புகளில் இரண்டிரண்டு கிளிப், திருகு எதிரெதிர்ப் பக்கம் வருமாறு போட்டேன்.

அடியில் தண்ணீர் ஏறுவது நின்றது. மூடி வழியாகப் பொங்குவது அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் தான் அளந்து பார்த்தேன். 20 லிட்டர் கேன், போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், அவ்வளவுதான் கருவி. வள்ளத்தை இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, மோட்டார் ஹோஸைத் தொட்டியின் உயரத்திலேயே கேனுக்குள் விட்டால் 27 வினாடியில் நிரம்பியது. நிமிஷத்துக்கு சுமார் 44 லிட்டர். பெட்டியில் எழுதியிருக்கும் 1100 கேலன் என்றால் நிமிஷத்துக்கு 69 லிட்டர் வர வேண்டும். ஆனால் அது மேலே ஏற்றாமல், ஹோஸ் இல்லாமல் சும்மா தள்ளும்போது வரும் கணக்கு. அடுத்து, தொட்டியைக் கழுத்து வரை நிரப்பி, ஓவர்ஃப்ளோ வெளியே கொட்டும் இடத்தில் கேனைப் பிடித்தேன். 20 லிட்டர் நிரம்ப 70 வினாடி. நிமிஷத்துக்கு 17 லிட்டர்.

உள்ளே 44, வெளியே 17. பொங்காமல் என்ன செய்யும்? ஹோஸ் அளவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதே என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். உள்ளே தள்ள மோட்டார் இருக்கிறது. வெளியே போகும் தண்ணீருக்குத் தள்ளிவிட ஆள் இல்லை. தொட்டியில் நிற்கும் உயரத்துக்கும் வெளிவாய்க்கும் நடுவே உள்ள சில விரற்கடைதான் அதன் பலம். அதனால் வெளியே போகும் வழியில் இருக்கும் ஒவ்வொரு வளைவும், சல்லடையும், பள்ளமும் கணக்கில் வரும். இதற்குப் பிறகு செய்த எல்லா வேலையும் இந்த இரண்டு எண்களை ஒன்றாக்குவதற்குத்தான்.

சுலபமான வழி உள்ளே வருவதைக் குறைப்பது. மோட்டாருக்கு அடுத்து ஒரு வால்வு வைத்து நிமிஷத்துக்கு 15 லிட்டராகக் குறைத்தேன். பொங்கல் நின்றது, செலவும் இல்லை. ஆனால் பதினொரு மணி வெயிலில் தொட்டித் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தது. 200 லிட்டர் ஒருமுறை மாறக் கால் மணி நேரம் போல ஆகிறது, அதற்குள் வெயில் முந்திக்கொள்கிறது. சிங்கிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. கையில் தூக்கினால் வாலை அடிக்கவில்லை. வியாபாரி முதலில் பார்ப்பது அந்த வாலடியைத்தான். அப்புறம் மோட்டாரை விட்டுவிட்டுப் போடலாம் என்று பார்த்தோம். வலை கனத்துவிட்டால் சுவிட்ச் யாருக்கும் நினைவுக்கு வராது. ஆக, தண்ணீரைக் குறைக்கக் கூடாது, வெளிவழியைத்தான் பெரிதாக்க வேண்டும்.

வெளிவழியில் முதல் தடை, வாய்க்குப் போட்டிருந்த கொசுவலை. குட்டிச் சிங்கியின் கால், மீசைத் துண்டு, கடல் புல், வலையிலிருந்து உதிரும் பாசி எல்லாம் வந்து ஒட்டி, கடலில் இருந்து வந்ததும் பார்த்தால் முக்கால் பங்கு அடைத்திருக்கும். கரையில் சுத்தமான தண்ணீர் விட்டு அளந்தபோதே 17 லிட்டர் என்றால், கடலில் அது ஏழா எட்டா தெரியாது. தட்டையான வலை எதுவாக இருந்தாலும் அடைக்கும். தண்ணீர் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பதிலாக, 2 இன்ச் பிவிசி பைப்பில் ஒரு அடி வெட்டி, ஒரு பக்கம் மூடி போட்டு, சுற்றிலும் 8 மில்லிமீட்டர் ட்ரில்லால் ஓட்டை போட்டேன். 8 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று அரை சதுர சென்டிமீட்டர். 2 இன்ச் பைப்பின் வாய் 20 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். நாற்பது ஓட்டை போட்டால் சரிக்குச் சரி. பாதி அடைத்தாலும் தண்ணீர் போக வேண்டும், அதனால் நூறுக்கு மேல் போட்டேன். ட்ரில் செய்த பிசிறை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதிலேயே பாசி சிக்கும். இந்தக் குழல் பசை போடாமல் செருகி வைத்ததுதான். பிடுங்கி உதறிவிட்டுத் திரும்பச் செருக ஒரு கை போதும்.

இரண்டாவது தடை கண்ணுக்கே தெரியவில்லை. கரையில் அளந்ததைவிடக் கடலில் ஏன் இவ்வளவு மோசம் என்று யோசித்தபோது, சித்தப்பாதான் "லோடு ஏத்திப் பாத்தியா?" என்று கேட்டார். வெறும் வள்ளம் மிதக்கும்போது தண்ணீர் மட்டத்தில் வெளிப்பக்கம் சாக்பீஸால் கோடு போட்டேன். அப்புறம் வலை, நங்கூரம், ஐஸ் பெட்டி, மண்ணெண்ணெய்க் கேன், ஆட்கள், நிரம்பிய தொட்டி எல்லாம் ஏறியபின் இன்னொரு கோடு. பின்பக்கத்தில் இரண்டு கோட்டுக்கும் நடுவே 10 சென்டிமீட்டர். ஓவர்ஃப்ளோவின் வெளிவாய் முதல் கோட்டுக்கு 7 சென்டிமீட்டர் மேலே இருந்தது. அதாவது லோடு ஏறியதும் வாய் 3 சென்டிமீட்டர் முங்கிவிடுகிறது. அலை பின்னாலிருந்து வந்தால் கடல் தண்ணீர் அதே ஹோஸ் வழியாகத் தொட்டிக்குள் எதிர்த்து வருகிறது. தொட்டியின் அந்த 200 கிலோதான் வாயை முங்க வைத்ததில் பெரிய பங்கு.

மூன்றாவது, ஹோஸின் தொங்கல். பின்சுவரிலிருந்து பின்மூலை வரை ஆறு அடி ஹோஸ் பலகைக்கு அடியில் நடுவே தொய்ந்து கிடந்தது. பள்ளத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும், அதற்கு முன்னால் இருக்கும் மேட்டில் காற்று மாட்டிக்கொள்ளும். குளுக் குளுக் என்று சத்தம் வந்தால் இதுதான். காற்றைத் தள்ளிவிட்டுப் போகும் பலம் அந்தத் தண்ணீருக்குக் கிடையாது.

மூன்றுக்கும் சேர்த்து ஒரே மாற்றம்: பின்சுவர் ஓவர்ஃப்ளோவை அடைத்துவிட்டு, தொட்டியின் நீளப் பக்கச் சுவரில், சரியாக நடுவில், 2 இன்ச் ஓட்டை. அங்கிருந்து வள்ளத்தின் வலது பக்கச் சுவர் ஒன்றரை அடிதான். ஹோஸ் வேண்டாம், நேரான பிவிசி பைப், வெளிப்பக்கம் இரண்டு விரல் சரிவு. நடுவில் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்ஜினை முடுக்கினால் அணியம், அதாவது வள்ளத்தின் முன்முனை, தூக்கும். 5 டிகிரி தூக்கினாலே 90 சென்டிமீட்டர் தொட்டியின் பின்பக்கத் தண்ணீர் முன்பக்கத்தைவிட 8 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். ஓவர்ஃப்ளோ பின்சுவரில் இருந்தால் தொட்டி தேவைக்கு மேல் வடியும், முன்சுவரில் இருந்தால் பின்னால் பொங்கும். நடுவில் மட்டம் அதிகம் மாறாது.

பைப் வாங்கப் போனேன். "தம்பி, எம்எம்மா இன்ச்சா?" என்றார் கடை அண்ணாச்சி. இதைக் கேட்காத கடையில் வாங்கியதால் முன்பு ஒருமுறை வீட்டில் ஒன்றரை இன்ச் வேலைக்கு 50 மில்லிமீட்டர் பைப் வந்து, பெண்டுக்குள் நுழையாமல் சுரண்டிச் சுரண்டி நொந்ததுண்டு. தோட்டத்துக்குப் போடும் பைப் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் சொல்லும்; ஒன்றரை இன்ச் வீட்டு பைப்பின் வெளிவிட்டம் 48 மில்லிமீட்டர் சில்லறை. பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று சேராது. பைப், கிளை பிரிக்கும் டீ, தொட்டிச் சுவரில் பைப்பை மாட்டும் டேங்க் நிப்பிள் எல்லாவற்றையும் கடைத் தரையிலேயே செருகிப் பார்த்துவிட்டு வாங்கினேன். அண்ணாச்சி பித்தளை நிப்பிள் நன்றாக உழைக்கும் என்று எடுத்துக் காட்டினார். வேண்டாம் என்றேன். செம்பு கலந்த எதுவும் இறால் இனத்துக்கு ஆகாது. ஓடுகிற தண்ணீரில் பெரிதாகத் தெரியாமல் போகலாம், ஆனால் மோட்டார் நின்று தண்ணீர் தேங்கும் நாளில் அந்த வம்பு எதற்கு? தொட்டிக்குள் பிளாஸ்டிக் மட்டும்தான்.

2 இன்ச் டேங்க் நிப்பிளின் மரை ஏறக்குறைய 60 மில்லிமீட்டர். அதற்கு ஏற்ற ஹோல்சா, அதாவது ட்ரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும் வாள், 550 ரூபாய். பைபரில் ஹோல்சா போடும்போது வெளிப்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி, முதலில் ட்ரில்லைப் பின்சுற்றாக ஓட்டி பைபரின் மேல்பூச்சான ஜெல்கோட்டில் ஒரு வட்டக் கோடு விழ வைத்து, அப்புறம் முன்சுற்றில் அழுத்தாமல் வெட்டினால் ஓரம் பெயராது. முகமூடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். பைபர் தூள் கழுத்தில் பட்டால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை.

வெளிவாய்க்கு இடம் குறித்தது லோடு கோட்டை வைத்து. நடுப்பகுதியில் லோடு கோட்டுக்கு 9 சென்டிமீட்டர் மேலே வாயின் அடி விளிம்பு. தொட்டியின் நீர்மட்டம் அதற்கும் ஐந்து சென்டிமீட்டர் மேலே. இன்னும் ஏற்றினால் சரிவு போய்விடும், இறக்கினால் முங்கும். இந்த இடைவெளிக்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும். பக்கச் சுவர் வெறும் பைபர், அதனால் நிம்மதி. பின்பலகையாக இருந்தால் உள்ளே பிளைவுட் இருக்கும். வெட்டிய விளிம்பை ரெசினால் நன்றாக மூடாவிட்டால் தண்ணீர் ஏறி இன்ஜின் மாட்டும் பலகையே உளுத்துவிடும்.

பழைய ஓட்டையை யாரோ பிசைந்து ஒட்டும் எபாக்சி வைத்து ஓரம் அடைத்திருந்தார்கள். அது வெடித்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, ஓட்டையைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு 40 நம்பர் தாளால் சாய்வாகத் தேய்த்து, உள்ளே மூன்று பைபர் மேட், வெளியே இரண்டு மேட் வைத்து மூடினேன். நம் ஊர் வெயிலுக்கு ஹார்ட்னர் ஒரு சதவீதம் போதும். அரைக் கிலோ ரெசினுக்கு 5 மில்லி. இரண்டு சதவீதம் ஊற்றினால் பிரஷ்ஷைத் தொடும் முன்னாலேயே டப்பாவுக்குள் கட்டியாகிப் புகை வரும். காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுவது நல்லது. புதிதாகச் செய்பவர்களுக்கு ஒன்று: ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றாக ஊற்றக் கூடாது, தீப்பிடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அதன்பின் ஹார்ட்னர். கோபால்ட் கலந்தே வரும் ரெசினாக வாங்கினால் அந்தத் தொல்லையே இல்லை.

நிப்பிளின் ரப்பர் வாஷருக்கு இரண்டு பக்கமும் பாலியூரித்தேன் சீலண்ட் பூசி, நட்டைக் கையால் முறுக்கி, சீலண்ட் மெல்லப் பிதுங்கும் அளவில் நிறுத்தினேன். மறுநாள் ஸ்பானரால் கால் சுற்று. முதல் நாளே ஸ்பானர் போட்டால் சீலண்ட் எல்லாம் வெளியே வந்துவிடும். பைப்பின் நடுவே ஒரு டீ போட்டு, அதிலிருந்து அரை இன்ச் காற்றுக்குழாயைத் தொட்டி மூடிக்கு மேல்வரை ஏற்றிவிட்டேன். குட்டையான பைப்புக்கு இது தேவையா என்று சித்தப்பா கேட்டார். காற்றுக்குழாய் வாயை விரலால் மூடி மூடித் திறந்து காட்டினேன். மூடினால் குளுக் சத்தம், திறந்தால் சீராக ஓட்டம். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

இப்போது தண்ணீர் உள்ளே வரும் பக்கம். இன்ஜினை முடுக்கிக் கரைக்கு வரும்போது, மோட்டாரை அணைத்த பிறகும் தொட்டிக்குள் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் இல்லாமலே தண்ணீர் வருகிறதே, பேட்டரி மிச்சம் என்று ஆரம்பத்தில் சந்தோஷப்பட்டோம். வெளிப்பக்கச் சல்லடை மூடியின் பிளவுகள் அணியத்தைப் பார்த்து இருந்தன. 7 நாட் வேகத்தில் தண்ணீர் அதில் மோதினால் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேலேயே ஏறும். இந்த மோட்டாருக்குள் சுற்றுவது வெறும் இறக்கை, அணைத்தாலும் தண்ணீரைத் தடுக்காது. வேகத்தைக் கூட்டக் கூட்ட வரத்து கூடும். அதற்கு எந்த ஓவர்ஃப்ளோவும் ஈடு கொடுக்காது.

நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று 480 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். அது எதிர்த்துப் போவதைத்தான் தடுக்கும், உள்ளே வருவதைத் தடுக்காது என்பது தெரிந்ததுதான். வள்ளம் நின்றால் தொட்டி வடியாமல் இருக்கட்டும் என்று போட்டது. மணல் ஏறிக் கதவு பாதி திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கழற்றிவிட்டேன். தண்ணீர் மேலிருந்து விழுகிற மாதிரி வைத்தால் வடிவதற்கு வழியே இல்லை, அதற்கு வால்வு எதற்கு? ஒரு இன்ச் பைப்பில் அடிப்பக்கம் 5 மில்லிமீட்டர் ஓட்டைகள் போட்டுத் தொட்டியின் மேல்விளிம்பில் படுக்கையாக மாட்டினேன். தண்ணீர் பல நூலாகப் பீய்ச்சி விழும்போது காற்றும் கலக்கிறது.

சல்லடை மூடியைக் கழற்றி, பிளவுகள் பின்பக்கம் பார்க்கத் திருப்பினேன். இப்போது எதிர்ச் சிக்கல்: வேகத்தில் போகும்போது மூடிக்குப் பின்னால் தண்ணீர் இழுபட்டு, மோட்டாருக்குள் காற்று புகுந்து, சும்மா சுற்றியது. கடைசியில் பிளவுகள் பக்கவாட்டில் இருக்கும்படி திருப்பி வைத்ததில் இரண்டு தொல்லையும் அடங்கியது. முழு வேகத்தில் வரும்போது பால் வால்வைப் பாதி மூடுவது சித்தப்பாவின் பழக்கமாகிவிட்டது, அது தேவையில்லை என்றாலும்.

மிச்சம் இருந்தது ஆட்டம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வள்ளம் பக்கவாட்டில் 10 டிகிரி சாய்வது சாதாரணம். 60 சென்டிமீட்டர் அகலத் தொட்டியில் அப்போது ஒரு பக்கம் ஐந்து சென்டிமீட்டர் ஏறும், மறுபக்கம் அதே அளவு இறங்கும். ஏறிய வேகத்தில் அலையாக மூடியைக் குத்தும். இதை ஓவர்ஃப்ளோவால் தீர்க்க முடியாது. தொட்டியின் மேல்விளிம்பில் உள்பக்கமாக இரண்டு இன்ச் உதடு கட்டினேன். அட்டையில் அச்சு செய்து, பாலித்தீன் ஒட்டி, அதன்மேல் மேட்டும் ரெசினும். ஏறிவரும் தண்ணீர் அந்த உதட்டில் மோதி உள்ளேயே மடங்கி விழுகிறது. நீளவாட்டில் நடுவே ஓட்டைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் பலகையைக் குறுக்கே செருகினேன். காய்கறி வெட்டும் பெரிய பலகைதான், 300 ரூபாய். அதன் அடியில் சிங்கி போய்வர ஒரு சாண் இடைவெளி. மூடிக்குச் சுற்றிலும் கதவு ரப்பர் பட்டை.

ரெசின் வேலை முடிந்தவுடன் சிங்கியைப் போட்டுவிடக் கூடாது. ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் வாசம் இருக்கும்வரை அது தண்ணீரில் இறங்கும். ஒரு வாரம் வெயிலில் திறந்து போட்டு, இடையில் கடல் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டினோம். மூக்கை உள்ளே விட்டால் ஒன்றும் தெரியாத பிறகே முதல் சிங்கி இறங்கியது.

மறுபடி கேனும் ஸ்டாப்வாட்சும். உள்ளே அதே 44 லிட்டர். தொட்டியின் மட்டம் ஏறி, 2 இன்ச் ஓட்டையின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிட்டது. அரை மணி நேரம் ஓடவிட்டும் பென்சில் கோட்டைத் தாண்டவில்லை. அதாவது 44 லிட்டரும் வெளியே போகிறது. ஓட்டைக் குழலைப் பாதி துணியால் சுற்றி அடைத்துப் பார்த்தேன், மட்டம் ஒரு விரல் ஏறியது, பொங்கவில்லை. கடலில் முழு லோடில், காற்றுள்ள நாளில், உதட்டுக்கு மேலே சில துளிகள் தெறித்ததோடு சரி.

தொட்டி ஒழுங்கானதில் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. எங்கள் வலையில் அதிகம் ஏறும் பனுலிரஸ் ஹோமரஸ் வகைச் சிங்கிக்கு ஏற்றுமதிக்கான குறைந்தபட்ச எடை 200 கிராம். சந்தேகமான சைஸை அவசரத்தில் பிரிக்க நேரம் இருக்காது. இப்போது தொட்டியில் போட்டுவிட்டு, வலை வேலை முடிந்ததும் தராசில் வைத்துப் பார்த்து, குறைந்ததையும் சினைச் சிங்கியையும் உயிரோடு கடலில் விடுகிறோம். சாக்கில் இருந்து எடுத்து விடுவது பெரும்பாலும் மீனுக்குத் தீனி போடுவதுதான்.

செலவு: பைப், டீ, நிப்பிள், சொல்வெண்ட் எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள். கிளிப் ஆறு, 540. ரெசினும் மேட்டும் 620. சீலண்ட் டியூப் 650, அதில் பாதி மிச்சம், ஆனால் திறந்த டியூப் அடுத்த வேலைக்குள் காய்ந்துவிடும். ஹோல்சா 550, ரப்பர் பட்டை 200, குறுக்குப் பலகை 300, வயரும் பியூஸும் 350. வீணாய்ப்போன 480 ரூபாய் வால்வைச் சேர்க்காமல் நாலாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது. மோட்டார் மூன்று ஆம்பியர் போல இழுக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-மணி, 75 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது பாரமில்லை.

இன்னொரு வள்ளத்துக்குச் செய்தால் மாற்றுவது இரண்டு. தொட்டியை 10 சென்டிமீட்டர் உயர்த்தி வைப்பேன்; வெளிவாய்க்கும் லோடு கோட்டுக்கும் நடுவே இப்போது இருக்கும் இடம் ரொம்ப இறுக்கம். ஓவர்ஃப்ளோவை இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைப்பேன். இப்போது வலது பக்கம் மட்டும் இருப்பதால், வலையை இடது பக்கம் நின்று இழுக்கும்போது வள்ளம் இடப்பக்கம் சாய்ந்து, தண்ணீர் வாயை விட்டு விலகி நிற்கிறது. வலை இழுக்கும் அந்த நேரத்துக்குப் பக்கத்தை மாற்றி நின்று இழுக்கச் சொன்னால் சித்தப்பா கேட்கமாட்டார், அவர் கை அந்தப் பக்கத்துக்குப் பழகியது. இடது பக்க ஓட்டையையும் போட்டுவிடலாம் என்று ஹோல்சாவைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். வெளிவாயில் அலை எதிர்த்து வராமல் இருக்க, பழைய டயர் ட்யூபில் வெட்டிய நாக்கு ஒன்றை மேல்பக்கம் மட்டும் இரண்டு திருகு வைத்து மாட்டியாயிற்று. வெயிலில் அது விறைத்துப்போக எத்தனை மாதம் ஆகும் என்று பார்க்க வேண்டும்.